அக்கா வீட்டு முட்டை

அந்தப் பரிசோதனைக்கூடத்துக்கு ஏழு வருடமாகப் பூஜ்யம் வந்துகொண்டிருந்தது சின்னவளின் அக்கா வீட்டிலிருந்துதான்.

வீட்டில் இரண்டாவதாகப் பிறந்தவள் என்பதால் சின்னவள். வயது முப்பத்திரண்டு ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. திங்கட்கிழமை தோறும் ஒரு டப்பாவில் பழைய துணி சுற்றி ஆறு முட்டை கொண்டுவருவாள். கடைகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வரும் முட்டைகளில் என்ன மருந்து, என்ன விஷம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. அப்படிப் பார்க்க வேண்டுமானால் முதலில் ஒன்றுமே இல்லாத ஒரு முட்டை வேண்டும். அதில் தெரிந்த அளவு விஷத்தைத் தாங்களே கலந்து, மெஷின் என்ன காட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டு மற்ற முட்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த ஒன்றுமில்லாத முட்டைக்கு அங்கே 'அக்கா முட்டை' என்றே பெயர். குளிர்பெட்டியில் தனித்தட்டு. எடுத்தால் கையெழுத்துப் போட வேண்டும்.

"கொடுத்துவெச்ச கோழிங்கம்மா. நமக்கெல்லாம் இவ்வளவு மரியாதை கிடைச்சிருக்கா?" என்பார் ஜோசியர்.

ஜோசியர் என்பது மெஷின் ஓட்டுபவரின் பட்டப்பெயர். திரையில் எழும் கூரான மேடுகளைப் பார்த்துப் பண்ணைக்காரர்களின் எதிர்காலத்தைச் சொல்லிவிடுவார் என்பதால் வந்தது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற அந்த மெஷினும் ஒரு தராசுதான். கடைத் தராசு காய்கறியை நிறுக்கும். இது, கண்ணுக்கே தெரியாத துகளை ஆவியாக்கி, மின்சாரம் ஏற்றிப் பறக்கவிட்டு, உடைத்து, உடைந்த துண்டையும் நிறுத்து, இன்ன பொருள் இவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். மெஷினுக்கு அனுப்பும்வரை உள்ள வேலை சின்னவளுடையது. முட்டையை உடைத்துக் கலக்கி, இரண்டு கிராம் நிறுத்துக் குழாயில் போட்டு, கரைப்பான் ஊற்றிக் குலுக்கி, சுழலவிட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, விரல்நுனி அளவுள்ள குப்பிகளில் அடைத்து வரிசையாக அடுக்குவாள். ஒரு நாளைக்கு நாற்பது குப்பி. சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய பட்டியலில் ஒரு புது வகை சேர்ந்தது. எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது என்று பாத்திரத்திலும் துணியிலும் தீயணைக்கும் நுரையிலும் போடுகிற ரசாயனக் குடும்பம். வெயிலில் காயாது, மண்ணில் மக்காது, உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராது. அதில் ஒரு தொல்லை இருந்தது. மெஷினுக்குள் ஓடும் வழவழப்பான குழாய்களே அந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்கால் ஆனவை. வெறும் தண்ணீர் விட்டாலும் ஒரு சின்ன மேடு எழும். அக்கா முட்டையை விட்டால் மேடு பெரிதாக எழுந்தது. முட்டைக் கொழுப்பு குழாயை அதிகமாகக் கழுவிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான் என்று ஜோசியர் முடிவுகட்டினார். கூடத்துக்குத் தலைவரான பெரிய சாரும் தலையாட்டினார். அந்த மேட்டை எல்லா முட்டையிலிருந்தும் கழித்துவிட்டார்கள். கழித்ததும் ஊர் முட்டை அத்தனையும் சுத்தமாகிவிட்டது.

அக்கா முட்டை மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சின்னவளுக்கே வரவில்லையே!

அந்த வெள்ளிக்கிழமை புதிதாக எஃகுக் குழாய் மாட்டினார்கள். ஜோசியர் வெறும் தண்ணீர் விட்டார். திரையில் கோடு துடைத்துவிட்ட மாதிரி படுத்துக் கிடந்தது.

"ஆஹா! ரெண்டு வருஷத்துத் தலைவலி தீர்ந்துச்சு. இப்ப உங்க அக்காவக் கூப்பிடுங்க."

சின்னவள் குப்பியை வைத்தாள். ஆறு நிமிடத்தில் கோடு எழுந்தது. எழுந்து, கூராக, பழைய உயரத்துக்கே போய் நின்றது.

சின்னவள் வேறொரு முட்டையை உடைத்தாள். புதுச் சோதனைக்குழாய், புதுக் குப்பி, புதுக் கையுறை. அதே மேடு. மூன்றாவதுக்கும் அதே மேடு.

"எவ்வளவு சார்?"

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "ஒண்ணுதாம்மா அனுமதி. இது பதினொண்ணு."

"மெஷினுக்குள்ள பழசு ஏதாவது ஒட்டிட்டு இருக்கலாமில்ல?"

"தண்ணிய நீயும்தானே பார்த்தே."

பெரிய சார் வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டு வருடத்து அறிக்கைகள் அத்தனையும் தப்பு என்பது அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "யாரும் இப்போதைக்கு எழுத்துல எதுவும் போடாதீங்க. முதல்ல நமக்குள்ள ஒரு முடிவுக்கு வருவோம்," என்றார். சின்னவள் காதில் அது ஏறவே இல்லை. அவள் நினைப்பெல்லாம் அக்கா தினமும் சாப்பிடும் மூன்று முட்டையிலும், அக்காவிடம் பால் குடிக்கும் ஐந்து மாதக் குழந்தையிலும் இருந்தது.

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா புருஷன் தீயணைப்புத் துறையில் பயிற்சி கொடுப்பவர். பயிற்சி மைதானத்தை ஒட்டின வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. பின்பக்கம் ஒரு மதில், மதிலடியில் ஒரு வாய்க்கால். மைதானத்தில் எண்ணெய்த் தொட்டிக்குத் தீ வைத்து அணைத்துப் பழகும் நாட்களில் வெள்ளை நுரை மதிலுக்கு மேலே பொங்கி நிற்கும். காற்றடித்தால் ஒரு துண்டு பிய்ந்து வந்து துணிக்கொடியில் உட்காரும். நுரை கரைந்த தண்ணீர் வாய்க்காலில் ஓடும். அங்கேதான் அக்காவின் பதினாலு கோழிகளும் நாள் முழுக்கக் கிளறித் தின்றுகொண்டிருக்கும்.

இதையெல்லாம் சின்னவள் ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"வாடி விஞ்ஞானி. ஃபோன் பண்ணாம வந்திருக்கே? மேல என்ன ஆஸ்பத்திரி வாசம்? புள்ளையத் தொடறதுக்கு முன்னாடி கைய கழுவு."

சின்னவள் குழாயைத் திறந்தாள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர். தொட்டிக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. கிணறு வாய்க்காலிலிருந்து இருபதடி. கையை நீட்டாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி குழாய முறைச்சுப் பார்க்கறே? காசு குடுத்துதான் மோட்டார் போடறோம். மூடு."

குழந்தை கட்டிலில் மல்லாந்து படுத்துத் தன் கால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. மூன்று தடவை வயிற்றில் தங்காமல் போய், இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, முப்பத்தொன்பது வயதில் அக்காவுக்குப் பிறந்தவன். கன்னம் இரண்டும் தொங்கியது.

"பாரு, கழுத்தே காணோம். இவனுக்குச் சட்டை தைக்கறவன் கழுத்து எங்கேன்னு என்னையே கேக்கறான். எல்லாம் என் பால்டீ. ஒரு ஸ்பூன் மாவு கிடையாது." அக்கா அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினாள். "உனக்கும் ரெண்டு போட்டுத்தான் அவிச்சேன். ஃபோன் பண்ணாம வந்தாலும் உன் பங்கு இருக்கும், கவலைப்படாதே."

"நான் சாப்பிட்டேன்க்கா."

"பொய். மூஞ்சி சுண்டைக்காய் மாதிரி இருக்கு."

ஓட்டை உரித்து, உப்பில் தொட்டு, அக்கா வாய்க்குக் கொண்டுபோனாள். சின்னவள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிடாதேக்கா."

"ஏன்? கெட்டுப்போச்சா?" அக்கா மோந்து பார்த்தாள். "காலைல போட்டதுடி. கோழி இன்னும் கொக்கரிச்சு முடிக்கல."

வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததில் ஒரு வாக்கியமும் உதவவில்லை. குழாய் மாற்றினது, தண்ணீர் விட்டது, முட்டை விட்டது என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஒப்பித்தாள். அக்கா உரித்த முட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பதினொண்ணுன்னா? பதினோரு என்ன? கிராமா?"

"நூறு கோடிப் பங்குல பதினோரு பங்கு."

அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். "நூறு கோடியிலயா! அடிப்பாவி, ஒரு நிமிஷம் வயித்தக் கலக்கிட்டியே. நூறு கோடிப் பேர்ல பதினோரு பேர் திருடன்னா ஊரே திருட்டு ஊருன்னு சொல்லுவியா? இதுக்குத்தான் படிச்சவங்களோட சேரக் கூடாதுங்கறது."

"அது வெளியே போகாதுக்கா. சேர்ந்துக்கிட்டே இருக்கும். ரத்தத்துல."

"சேர்ந்தா?"

"சேர்ந்தா... கொழுப்பு ஏறும்ங்கறாங்க. சிறுநீரகம், தைராய்டு. சின்னக் குழந்தைங்களுக்குத் தடுப்பூசி சரியாப் பிடிக்காதுங்கறாங்க. எல்லாருக்கும் வரும்னு இல்ல."

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள். கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு மூணு," என்றாள் மெதுவாக. "அவன் வயித்துல தங்கினதும் நீதானே சொன்னே, வெளியில எதையும் நம்பாதே, நம்ம வீட்டு முட்டை சுத்தம், மெஷினே சொல்லுது, தினம் மூணு சாப்பிடுன்னு. எனக்குக் குமட்டும். மூக்கப் பிடிச்சுக்கிட்டுச் சாப்பிடுவேன். பத்து மாசம். அப்புறம் பால் ஊறணும்னு இந்த அஞ்சு மாசம்."

அவள் குற்றம் சாட்டவில்லை. வழி தவறினவர்கள் வந்த தெருக்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதுபோல, எங்கே எப்படி வந்தோம் என்று சொல்லிப் பார்த்தாள். திட்டியிருந்தால் சின்னவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாமா பயிற்சி முடிந்து உள்ளே வந்தார். முழங்கால்வரை நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. "என்ன, ரெண்டு பேரும் யாரையோ பறிகொடுத்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? புள்ளைக்கு என்ன?"

அக்காதான் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் கோபம் வந்தது.

"நுரையா? நுரையில என்ன இருக்கு? சோப்பு! பதினாறு வருஷமா அதுலதான் நிக்கறேன். நாங்க வண்டி கழுவறதே அதுலதான், கண்ணாடி மாதிரி ஆகும். அன்னிக்கு எண்ணெய்க் கிடங்கு எரிஞ்சப்போ இந்த நுரை இல்லேன்னா எத்தனை பேரு கரிக்கட்டையா ஆகியிருப்பான் தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா."

"தெரியும்ல? அப்புறம் என்ன? உயிரைக் காப்பாத்தற சாமானப் போய் விஷம்ங்கறே. உங்க மெஷின் ரெண்டு வருஷமா இல்லேன்னுச்சு. இன்னிக்கு இருக்குங்குது. நாளைக்கு என்ன சொல்லும்?"

"நாங்கதான் தப்பா கழிச்சிட்டோம் மாமா."

"கழிச்சிட்டாங்களாம்!" என்றவர் கட்டில் பக்கம் ஓர் அடி வைத்தார். குழந்தை அவரைப் பார்த்துக் கையைக் காலை உதறிச் சிரித்தது. தூக்கப் போனவர் தன் முழங்காலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். திரும்பி வாசலுக்குப் போய், பூட்ஸைக் கழற்றித் தெருவில் வைத்துவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னவள் கிளம்பும்போது அக்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னப் பாட்டிலோடு வந்தாள். வெந்நீரில் கழுவின பாட்டில். அதில் இரண்டு விரல் அளவு வெள்ளையாக இருந்தது.

"இதையும் போட்டுப் பாரு."

"வேண்டாம்க்கா."

"ஏன் வேண்டாம்? ஊர்ல எவன் எவன் கோழிக்கோ பார்க்கறே. எனக்குப் பார்க்க மாட்டியா?"

"தெரிஞ்சு என்னக்கா பண்ணப் போறோம்?"

"தெரியாம எப்படிடி அவன் வாயில வைப்பேன்?"

பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் சின்னவள். இறங்கும்வரை அந்தச் சூடு ஆறவில்லை.

திங்கட்கிழமை ஜோசியர் ஒரு கேள்வியும் கேட்காமல் மெஷினில் இடம் ஒதுக்கினார். பால் என்றால் அதற்கும் ஒன்றுமில்லாத பால் வேண்டுமே! கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் பெண்ணுக்கு எட்டு மாதக் குழந்தை இருந்தது. அவள் நகரத்தின் மறுகோடியில் இருப்பவள், கோழி வளர்க்காதவள். "என்னதுல என்ன இருக்கப் போவுது, எடுத்துக்கக்கா," என்று சிரித்துக்கொண்டே பிழிந்து கொடுத்தாள். அதிலும் ஒரு சின்ன மேடு எழுந்தது. ஜோசியர் திரையைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிவிட்டார். அந்தப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவரை அவர் வாயைத் திறக்கவில்லை.

"பூஜ்யமே கிடைக்காது போலிருக்கேம்மா," என்றார் அப்புறம்.

கடைசியில் டப்பாப் பால்மாவைச் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்துத்தான் பூஜ்யக் கோடு போட்டார்கள். அதற்குப் பிறகு அக்காவின் பால். மூடும்போது இரண்டு குப்பி கீழே சிந்தியது. மிச்சம் இருந்ததில் மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் ஒரே எண். மில்லிக்கு ஒன்று புள்ளி நான்கு நானோகிராம்.

"நீ செஞ்ச மாதிரி சுத்தமா இந்த வேலைய யாரும் செய்ய முடியாது," என்றார் ஜோசியர். பாராட்டாகத்தான் சொன்னார். சின்னவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பெரிய சார் மேலிடத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சின்னவள் ஒரு குழந்தை மருத்துவரைத் தேடிப் போனாள். வயதான பெண்மணி. எண்ணை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "தாய்ப்பாலோட நன்மைதான் பெரிசு, குடுக்கச் சொல்லுங்கன்னுதான் எங்க புத்தகம் சொல்லுது. நானும் அதைத்தான் சொல்லணும். என் பொண்ணா இருந்தா என்ன சொல்லுவேன்னு மட்டும் கேக்காதீங்க," என்றார். இதற்கு மருந்து உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார்.

புதன்கிழமை காலை லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனபோது தூறிக்கொண்டிருந்தது. வாய்க்கால் நிரம்பி ஓரமெல்லாம் வெள்ளை கட்டியிருந்தது. கோழிகளை அடைத்துப் போட்டிருந்தார்கள். சமையலறை ஜன்னலில் ஒரு கூடை நிறைய முட்டை.

"அதுங்க பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கு," என்றாள் அக்கா. "விக்கவும் கூடாது, திங்கவும் கூடாது. புதைச்சிடலாம்னு உங்க மாமா குழி தோண்டினாரு. பாதி தோண்டிட்டு, இதே மண்ணுலயேவான்னு மண்வெட்டியப் போட்டுட்டு வந்துட்டாரு. சரி, சொல்லு. எவ்வளவு?"

சின்னவள் சொன்னாள். மருத்துவர் சொன்னதையும், புத்தகம் சொல்வதையும், ஒன்று விடாமல் சொன்னாள். அக்காவுக்கு நாலு நாளில் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

"அன்னிக்கே முட்டைய விட்டுட்டேன். தண்ணிக்குக் கேன் வாங்கறோம். எப்பப் போகும் இது?"

"அஞ்சு வருஷத்துல பாதி."

"பாதியா? மீதிப் பாதி?"

"அதுல பாதிக்கு இன்னொரு அஞ்சு வருஷம்."

"சீக்கிரம் போக ஒரு வழியும் இல்லையா? பட்டினி கிடந்தா? வேர்க்க வேர்க்க ஓடினா? ரத்தத்த எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்தினா?"

சின்னவள் ஜன்னல் கூடையைப் பார்த்தாள். அவள் முகத்தை முப்பத்திரண்டு வருடமாக — பிறந்த நாளிலிருந்து — படித்தவள் அக்கா.

"ஒரு வழி இருக்கு. நீ சொல்ல மாட்டேங்கறே. என்னடி?"

"அக்கா, விடு."

"சொல்லு."

"பால் குடுத்தா குறையும். குடுக்கக் குடுக்க அம்மா உடம்புல குறைஞ்சுக்கிட்டே வரும்."

"குறைஞ்சு?"

கேட்டுவிட்டு அக்காவே நிறுத்திக்கொண்டாள். பதில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

வெளியே தூறல் வலுத்தது. மதிலுக்கு அப்பால் விசில் சத்தம் கேட்டது. மழையானாலும் பயிற்சி உண்டு. மாமா இந்நேரம் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார். வேறு வேலை தெரியாது அவருக்கு. இந்த வீடும் அந்த வேலையோடு சேர்ந்தது.

"மாவு டப்பா வாங்கிட்டு வந்திருக்கேன்," என்றாள் சின்னவள். "எங்க மெஷின்ல பார்த்துட்டேன். சுத்தமா இருக்கு."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. 'இதையும் நீதான் சொல்கிறாய்' என்பது மட்டும் இருந்தது.

குழந்தை விழித்து அழுதது. கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆற்றி, மாவைக் கரைத்தார்கள். பாட்டில் ரப்பரை வாயில் வைத்ததும் ஒரு தடவை சப்பிப் பார்த்தது. முகத்தைச் சுளித்துத் துப்பியது. மறுபடி வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. சின்னவள் வாங்கி மடியில் போட்டுப் பார்த்தாள். தோளில் சாய்த்து நடந்து, பாட்டுப் பாடி, ஜன்னலில் மழையைக் காட்டி, ஏமாற்றி வாயில் வைத்துப் பார்த்தாள். அது அவள் சட்டையிலேயே வாயை வைத்துத் தேடியது. கிடைக்காமல் மூச்சு முட்ட அழுதது. உடம்பு சிவந்து, குரல் கட்டி, அழுகை விக்கலாக மாறியது.

அக்கா சுவரோரம் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். பொத்தி என்ன? குழந்தை அழ அழ அவளுக்குப் பால் சுரந்து, சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து, மடியில் சொட்டியது. அவள் அதைக் கையால் அழுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"கொண்டாடி அவன," என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்க்கா. பழகிடும். ரெண்டு நாள்ல பழகிடும்னு..."

"ரெண்டு நாள் நான் உயிரோட இருக்க வேண்டாமா? கொண்டா."

வாங்கிக்கொண்டாள். சட்டைப் பித்தானில் கையை வைத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"நீ வெளியே போ."

"அக்கா..."

"தயவுசெஞ்சு போடி. நீ பார்த்துக்கிட்டிருந்தா என்னால குடுக்க முடியாது."

சின்னவள் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். கூரை ஓரத்திலிருந்து தண்ணீர் அவள் காலடியில் விழுந்தது. உள்ளே அழுகை நின்றது, சொல்லிவைத்த மாதிரி. அப்புறம் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம். பசித்த குழந்தை மூச்சு வாங்கக்கூட நிறுத்தாமல் குடித்தது.

அவளுக்கு அளவு தெரியும். இந்த வயதில் ஒரு தடவைக்கு நூறு மில்லி. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. மில்லிக்கு ஒன்று புள்ளி நான்கு. பெருக்கக் கூடாது என்று மழையைப் பார்த்தாள், கோழிக்கூண்டைப் பார்த்தாள், தெருவில் போகிற சைக்கிளைப் பார்த்தாள். மனசு தன்பாட்டுக்குப் போட்டு முடித்துவிட்டது. இப்போது நூற்று நாற்பது. ராத்திரிக்குள் ஆயிரத்துச் சொச்சம்.

விழுங்கும் சத்தம் மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, நின்றுபோனது. முதுகில் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு சின்ன ஏப்பம்.

"தூங்கிட்டான்டி," என்றது உள்ளிருந்து அக்காவின் குரல். "வா. இனிமே மூணு மணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டான்."